முன்னறையில் நாற்று, பின்னறையில் முளைப்பாரி

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். பிறகு, "எங்க உட்கார்றது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். சோபாவில் கத்தரி நாற்று இருக்கும். நாற்காலிகளைச் சுவரோரம் ஒட்டிப் போட்டு, அவற்றின்மேல் பலகை வைத்து, தக்காளி ட்ரேக்களை அடுக்கியிருப்பேன். பிரிட்ஜின் தலையில் மிளகாய். டிவியை மூலைக்குத் தள்ளிவிட்டு அந்த மேசையைச் செண்டுமல்லிக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் டிவி பார்க்க வேண்டும். நாடகம் நன்றாக இருந்தால் கழுத்து வலி தெரியாது.

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் ஒரு வீடு. முன்னறை, படுக்கையறை, சமையல்கட்டு, அதற்குப் பின்னால் முன்பு விறகு போட்டு வைத்திருந்த ஒரு இருட்டறை, அவ்வளவுதான் மாளிகை. பிள்ளைகள் ஈப்போவில் வேலையாகிப் போய்விட்டார்கள். நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத்தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். வேலை விட்டு வந்ததும் நாற்று. எனக்கு அதில் சலிப்பே வந்ததில்லை.

இதை ஆரம்பித்து வைத்தது திரிங்காப்பில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கே, முதலாளிக்கு இங்கே அப்படித்தான் பெயர். ஒரு நாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "தங்கச்சி, மொளகா வரல. செஜூக்லா, செஜூக்" என்று கையை விரித்தார். மலாயில் செஜூக் என்றால் குளிர். மிளகாய் விதைக்குக் குளிர் ஆகாது. வெளியே விதைத்தால் போர்வைக்குள் சுருண்ட சோம்பேறி மாதிரி மண்ணுக்குள்ளேயே கிடந்து அழுகிப்போகும். நான் அவரிடம் ஒரு பிடி விதை வாங்கி, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய ட்ரேயில் போட்டு, சோற்றுப் பானையைச் சூடாக வைத்திருக்கும் ரைஸ் குக்கர் பக்கத்தில் வைத்தேன். அது முளைத்தது. அன்றிலிருந்து நான் மிளகாய்க்காரி ஆகிவிட்டேன். அப்புறம் தக்காளி வந்தது, கத்தரி வந்தது, பூக்கள் வந்தன. கியா பார்ம் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் தொட்டியில் வைத்து விற்பதற்குப் பெட்டூனியா கேட்டார்கள்.

பெட்டூனியா விதையைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவே முடியாது. தூசி. தும்மினால் ஒரு பொட்டலமும் போச்சு. அதைக் குழி குழியாக இருக்கும் ட்ரேயில் போட முடியாது. குழியில்லாத தட்டை ட்ரேயில் மண்ணை ஈரமாக்கி, மேலே தூவிவிட்டு, மூடாமல் விட வேண்டும். மற்ற விதைகளுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, நுனியைத் தண்ணீரில் தொட்டு விதைமேல் வைத்தால் ஒரே ஒரு விதை ஒட்டிக்கொண்டு வரும். குழியின் நடுவில் வைத்து ஒரு தட்டு. அது இறங்கிவிடும். அடுத்த குழி. இந்த வேலையில் மனது அடங்கிப்போகும். என்னைப்போலப் படபடவென்று பேசுகிறவளுக்கு அது நல்ல மருந்து.

என் வீட்டுக்காரர் காய்கறி லோரி ஓட்டியவர். திரிங்காப்பில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு இருந்த நேரத்தைவிட அந்த லோரியோடு இருந்த நேரம்தான் அதிகம். ஆயுள் முழுக்கக் காய்கறி சுமந்தவருக்குச் செடியாகப் பார்த்தால் எது மிளகாய், எது கத்தரி என்று தெரியாது. எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழாவைக்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை. திருவிழா வருவது சனி ஞாயிறில். லோரி மும்முரமாக ஓடுவதும் அப்போதுதான்.

போன வருஷம் மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார், எடுக்க முடியவில்லை. "என்னங்க" என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார், வாய் ஒரு பக்கமாக இழுத்தது. பக்கவாதம். அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனசில்லை.

கால் சரியானது. பேச்சும் சரியானது, முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சரியானது என்று நான் சொல்வேன். வலது கை மட்டும் திரும்பி வரவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்த மிஸ்ஸி, நர்ஸ்தான், பொறுமையான பெண். "அங்கிள், கை செத்துப் போகல, தூங்குது. எழுப்புறதுக்கு வேலை குடுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். இவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். வந்ததும் அந்தக் கையை மடியில் போட்டு மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். சாப்பிடுவது, தலை சீவுவது, கதவு திறப்பது எல்லாமே இடது கையால். அந்தக் கை பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டார். வீட்டில் ஒரு ஆளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படித் தன் கையோடு அவர் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். ஒரு ஈர்க்குச்சியை அவருடைய வலது கை விரல்களுக்கிடையில் செருகி, "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு இந்தத் தக்காளி விதையைப் போடுங்களேன்" என்றேன். குச்சி விழுந்தது. மறுபடி செருகினேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை குச்சி பறந்துபோய் டிவிக்குப் பின்னால் விழுந்தது, அதோடு விதைக் கிண்ணமும் கவிழ்ந்தது. "என்னை வச்சு வெளாட்டு காட்டாத" என்றார். நான் சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். எங்கள் வீட்டில் பாத்திரம் உருண்டால் என்ன அர்த்தம் என்று லயத்துக்கே தெரியும்.

ஆனால் திரும்பி வந்து பார்த்தபோது அவர் தரையில் குந்தியிருந்தார். சிந்திய விதைகளை இடது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். அப்படியே பழகிவிட்டார். இடது கையாலேயே விதை போட்டார். இடது கையாலேயே தண்ணீர் தெளித்தார். சில வாரங்களில் எனக்கு அவர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே செய்தி வாசிப்பார். "மூணாவது ட்ரேல ரெண்டு கண்ணு வந்துருச்சு. சன்னல் பக்கத்துத் தக்காளி கொஞ்சம் சாயுது, திருப்பி வையி." நான் திருப்பி வைப்பேன். ட்ரேயைத் தூக்குகிற வேலை என்னுடையது. அதற்கு இரண்டு கை வேண்டும்.

ஒரு தடவை மட்டும் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். குளிராக இருக்கிறதே என்று நாள் முழுவதும் திரையை இழுத்து மூடி, நாற்றுக்கென்று நான் தொங்கவிட்டிருந்த விளக்கையும் அணைத்து வைத்துவிட்டார். இதே வேலையைச் சில நாள் செய்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. தக்காளி நாற்றெல்லாம் வெளிறிப்போய், நூல்நூலாக நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. "வெளிச்சம் இல்லாம இப்படி நீட்டிக்கிட்டு நிக்குது, இதைக் கொண்டுபோய்த் தவுக்கேகிட்ட குடுத்தா காறித் துப்புவான். நாத்துன்னா குட்டையா, தடியா, பச்சையா இருக்கணும். வெளுத்துப் போனதைப் பாத்தா உடனே வெளிச்சத்துக்குக் கொண்டுவரணும்" என்று கத்தினேன். பாவம், அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் திரையை விலக்கி விளக்கைப் போடுவார்.

திருவிழா நெருங்கியது. எங்கள் தோட்டத்துக் கோவிலில் பெண்கள் முளைப்பாரி எடுப்போம். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை எல்லாம் ஊறவைத்து, மண்ணும் எருவும் போட்ட சட்டியில் நெருக்கமாக விதைத்து, இருட்டறையில் வைத்து வளர்ப்போம். வெளிச்சமே படக்கூடாது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, கும்மிப்பாட்டுப் பாடி, சுத்தபத்தமாக இருக்க வேண்டும். ஆண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. திருவிழா அன்று பார்த்தால் முளை எல்லாம் பொன்மஞ்சளாக, முழம் முழமாக நிற்கும். அதைத் தலையில் சுமந்துகொண்டு ஊர்வலமாகப் போய் ஓடையில் கரைப்போம். முளை எவ்வளவு உயரமாக, எவ்வளவு மஞ்சளாக வருகிறதோ, வேண்டுதலுக்கு ஆத்தாள் அவ்வளவு மனசாரச் சம்மதித்தாள் என்று அர்த்தம். குட்டையாக நின்றாலோ பச்சை பிடித்தாலோ யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் படிப்பை முடித்த பிறகு நான் முளைப்பாரி எடுக்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இந்த வருஷம் இருந்தது. அவருடைய வலது கை எழுந்துவிட வேண்டும். தூக்கமோ சாவோ, எதுவாக இருந்தாலும் அது எழுந்துவிட வேண்டும் என்று அம்மன் முன்னால் நின்று நேர்ந்துகொண்டேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா கோவில் திருநீற்றைக் கொண்டுவந்து அந்தக் கையில் பூசப் போனாள். "என் கைய வச்சுக் கோவில் கோவிலா பிச்சை எடுக்காதீங்க" என்று கத்திவிட்டார். அக்கா பாவம், திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு போய்விட்டாள். அதனால் விஷயம் எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். மண்சட்டி வாங்கிவந்தால் அவர் கேள்வி கேட்பார் என்று, பெட்டூனியா போடும் தட்டை ட்ரேக்களிலேயே பயறை விதைத்தேன். திருவிழா அன்று காலையில் அக்கா வீட்டுச் சட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பின்னறையின் சன்னலைச் சாக்கால் அடைத்தேன்.

"அந்தப் பக்கம் போகாதீங்க, எலி மருந்து வச்சிருக்கேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்து, சத்தம் வராமல் முணுமுணுவென்று கும்மிப்பாட்டைப் பாடுவேன்.

"உள்ள யாரோட பேசுற?"

"எலியோட."

"என்னா சொல்லுது?"

"உங்களைவிட அதுக்குப் புத்தி அதிகமாம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். முளை அருமையாக வந்துகொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன். வாழைப்பூவின் உட்குருத்து நிறத்தில், நெருக்கமாக, தலையைக் குனிந்துகொண்டு நின்றன. இத்தனை நாற்று வளர்த்தவள், வெளுத்துப்போன செடியைப் பார்த்து இப்படிப் பூரித்துப் போவேன் என்று நினைத்ததில்லை. எனக்கு மனசுக்குள் பெரிய நிம்மதி. ஆத்தாள் சரி என்று சொல்லிவிட்டாள்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் தவுக்கேயின் ஜீப் வந்தது. நாற்றுகளை ஏற்றிக்கொண்டு நானும் திரிங்காப்புக்குப் போனேன். காலையிலேயே மழை தூறிக்கொண்டிருந்தது. நாற்றை இறக்கி, எது எது என்ன ரகம் என்று சொல்லிக்கொடுத்து, அவர் சம்சாரம் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சனிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். கீழேயிருந்து ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்களெல்லாம் கியா பார்ம் சாலையில் வரிசை கட்டி நின்றன. நகரவே இல்லை. ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கிற ஸ்ட்ராபெரி எல்லாவற்றையும் மனதாரச் சபித்தேன். வீடு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பக்கவாதம் வந்த பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"வா, வா. உள்ள வந்து பாரு" என்றார்.

உள்ளே போனேன். விளக்குக்கு நேர் கீழே, நான் தக்காளிக்கு வைத்திருந்த நல்ல இடத்தில், மூன்று தட்டை ட்ரேக்கள் வரிசையாக இருந்தன. தக்காளிகள் ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. ட்ரேக்களில் நிறைய முளை. எல்லாம் பச்சை.

"பின்னால ஒழுகுற சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தா கூரை ஒழுகுது. அதுக்குக் கீழ நீ மூணு ட்ரேய மறந்துட்டுப் போயிருக்க. பாவம், வெளுத்துப்போய் நூல் மாதிரி கெடந்துச்சு. நல்லவேளை நான் பாத்தேன். காலையில கொண்டாந்து வச்சது, இப்பப் பாரு, எப்படிப் பச்சை புடிச்சிருச்சு! இனிமே தவுக்கே ஒண்ணும் சொல்ல மாட்டான்லா."

அடுத்து என் வாயிலிருந்து வந்தது என்ன என்று முழுதாக ஞாபகமில்லை. லயத்துக்கே கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"யாரு உங்களை அங்க போகச் சொன்னா? எலி மருந்துன்னு சொன்னேன்ல? இது நாத்தா? இது தவுக்கேக்கா? ஐயோ, நாளைக்குத் திருவிழாவ வச்சுக்கிட்டு, எல்லாத்தையும் பாழாக்கிட்டீங்களே!"

"நீதானே சொன்ன, வெளுத்துப் போனா வெளிச்சத்துக்குக் கொண்டாரணும்னு" என்றார். அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"இது முளைப்பாரி! முளைப்பாரிங்க! இருட்டுலதான் இருக்கணும்!"

சத்தம் கேட்டு அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தாள். ட்ரேக்களைப் பார்த்ததும் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "ஆம்பள தொட்டும் போச்சா, பச்சையும் புடிச்சாச்சா" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தச் சொல்தான் என்னை உடைத்துவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். சும்மா அழுகை இல்லை, ஒப்பாரி.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ முளைப்பாரி எடுத்துப் பல வருஷம் ஆச்சே. இப்ப என்னா வேண்டுதல்?" என்றார்.

சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் கோபத்தில் என் நாக்குக்கு எலும்பு கிடையாது. "உங்க கைக்குத்தான்! வேற எதுக்கு? அந்தக் கை எழும்பணும்னு வேண்டிக்கிட்டேன். ஆத்தாளும் சரின்னு சொன்னா. நீங்களே வந்து வேணாம்னு சொல்லிட்டீங்க!"

அவர் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சுவரோரமாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். துண்டைத் தேடினார், கையை மூடிக்கொள்ளத்தான். துண்டு அங்கே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் பயமாக மாறியது. முளை போனது போகட்டும், இந்த மனுஷன் மறுபடியும் அந்தப் பழைய மூலைக்கே போய்விடுவாரோ என்று இருந்தது.

மூன்றில் ஒன்றையாவது திரும்ப இருட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுந்தேன். ஒரு ராத்திரியில் என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அருகிலிருந்த ட்ரேயைப் பிடித்துத் தூக்கினேன். கூரைத் தண்ணீர் குடித்து மண் ஊறிப்போயிருந்தது. என்ன கனம்! தட்டை ட்ரே, ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் நடுவில் வளைந்து மண்ணெல்லாம் கொட்டிவிடும். இரண்டு பக்கமும் கை கொடுத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் தூக்க முடிந்தது. நான்கு அடி வைத்தேன். அப்படியே நின்றேன்.

தரையைப் பார்த்தேன். சமையல்கட்டிலிருந்து முன்னறை வரைக்கும் ஒரு பிடி மண்கூடச் சிந்தியிருக்கவில்லை.

"என்னங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இதை யாரு தூக்கிட்டு வந்து வச்சா?"

"யாரு வருவா? நான்தான்."

"எப்படித் தூக்குனீங்க?"

"எப்படின்னா? தூக்குற மாதிரிதான்" என்றார் எரிச்சலாக. "இன்னும் என்னா கேள்வி கேட்டுக்கிட்டு?"

"காட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். அடுத்த ட்ரேயிடம் குனிந்தார். இடது கையை ஒரு முனைக்கு அடியில் விட்டார். வலது கையை மறுமுனைக்கு அடியில் விட்டார். விரல்கள் மடங்கவில்லை, உள்ளங்கையும் மணிக்கட்டும்தான் பிடித்தன. தூக்கினார். ட்ரே கொஞ்சம் நடுங்கியது. முளைகளின் தலைகள் எல்லாம் சேர்ந்து ஆடின. ஆனால் ட்ரே வளையவில்லை.

"இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவரும் அதைப் பார்த்தார். தன் வலது கையை, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, முதல் தடவையாக நேருக்கு நேராக.

என் கையிலும் ஒரு ட்ரே, அவர் கையிலும் ஒரு ட்ரே, இரண்டு பேரும் முன்னறை நடுவில் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தோம். ட்ரேயிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணே, எறக்கிராதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க. நான் ஓடிப்போய் எங்க வீட்டு ஆளக் கூட்டியாறேன்" என்றாள்.

"கனக்குதுலா" என்றார் அவர். அவர் வாயால் அந்தக் கைக்குக் கனக்கிறது என்று சொல்லிக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கனக்கிறது என்றால் அதற்கு உணர்ச்சி இருக்கிறது.

மறுநாள் காலையில் ட்ரேயிலிருந்த முளையை வேரோடு பாய்போலச் சுருட்டி எடுத்து, ஓரத்தை வெட்டி, அக்கா கொடுத்த சட்டியில் இறக்கினேன். எடுப்பதா வேண்டாமா என்று இரண்டு மனசாகத்தான் இருந்தது. ஆண் தொட்டது, வெளிச்சம் பட்டது. கோவிலில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், சுற்றிலும் வீட்டுச் செண்டுமல்லியைக் கட்டினேன், தலையில் ஏற்றிக்கொண்டேன்.

ஊர்வலத்தில் முப்பது பொன்மஞ்சள் முளைப்பாரிக்கு நடுவில் என்னுடையது ஒன்று மட்டும் பச்சைப்பசேல் என்று போனது. மேளக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ கிசுகிசுத்தாள். மற்ற நாளாக இருந்தால் நின்று, திரும்பி, அவளுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தேயிலைச் சரிவுக்கு நடுவே போகிற பாதையில் நடந்தோம். இரண்டு பக்கமும் தேயிலை, அதுவும் பச்சைதான்.

ஆத்தாள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முளை நன்றாக வந்ததால் கை எழுந்ததா, முளை கெட்டதால் எழுந்ததா? கெடுத்ததே அந்தக் கைதானே? அக்காவும் நானும் இதைப் பற்றிப் பல சாயங்காலம் பேசியிருக்கிறோம். பேசி முடிக்கும்போது இரண்டு பேருமே சிரித்துவிடுவோம். மிஸ்ஸியிடம் சொன்னபோது அவள் முளைப்பாரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அங்கிள் அன்னைக்கு மறந்துட்டார் ஆன்ட்டி. கை வராதுங்கறதை மறந்துட்டார், அவ்வளவுதான்" என்றாள். இருக்கலாம். வெளுத்துக் கிடந்த பயறைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் அவருக்குத் தன் கையின் ஞாபகம் இல்லாமல் போயிருக்கலாம். அந்த அவசரமும் எனக்காகத்தான்.

கை முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழை நாளில் விறைக்கும். லோரி ஓட்டப் போவதில்லை. ஆனால் இப்போது ட்ரேயைத் தூக்குவதும் திருப்புவதும் அவர் வேலை, நார்த்தூளைப் பிசைந்து குழிகளில் அழுத்துவதும் அவர் வேலை. போன மாதம் பெட்டூனியா தூவினார், வலது கையால். பாதி அவர் மூக்கில்தான் போயிருக்கும், இருந்தாலும் மீதி முளைத்தது.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவர் என்னிடம் வருவார். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி என் முன்னால் வந்து நிற்பார். "பொத்தான் மட்டும் இந்தக் கைக்கு வரமாட்டேங்குது புள்ள" என்பார். நான் முதல் ஷிப்டுக்கு இருட்டோடு போய்விட்ட நாள்களில் அவர் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதை அக்கா பார்த்திருக்கிறாள். நான் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நேரமாகிவிட்டது என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறேன்.